பிஸியா சார்?

ஓசூரில் எனக்கு உலைப் பக்கம் வேலை. கியர்களைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக வைக்கும் பகுதி. அங்கே நின்று நின்று, சூடு என்பது எனக்கு ஒரு செய்தியாகவே தெரியாமல் போய்விட்டது. டீயைக்கூட ஆற்றாமல் குடிப்பேன். காலில் வேறு தடிமனான கம்பெனி பேன்ட். என் மோட்டார் சைக்கிளின் என்ஜின் கொதிப்பதை நான் கவனிக்காததற்கு இவ்வளவுதான் காரணம்.

மனைவிக்கு மத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூட வேலை. அவளும் மகளும் அங்கே, நான் இங்கே ஒற்றை அறையில். சண்டையெல்லாம் இல்லை. வேலை அப்படி என்று சொல்லிச் சொல்லி, அதுவே பழகிவிட்டது. எனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. விடியும்போதே கிளம்பினால் மகள் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் போய்விடலாம். ஒரு முழுப் பகல் அவளோடு கிடைக்கும். பஸ்ஸில் போகலாமே என்பார்கள். மாறி மாறி ஏறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி ஞாயிறு தீர்ந்துவிடும்.

அந்தப் பாதியை வண்டியும் தின்னத் தொடங்கியது. ராயக்கோட்டைப் பக்கம் ஒரு மேடு. அதில் இழுக்காமல் முக்கி முனகி நின்றுவிடும். தக்காளி ஏற்றிய டெம்போக்கள் ஆரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும். ஓரமாக உட்கார்ந்திருந்தால், கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்கும். நான் போய்ச் சேரும்போது மகள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருப்பாள். நாலு வார்த்தை பேசுவதற்குள் கொட்டாவி விடுவாள். பிறகு நான் திரும்ப வேண்டும். ஒரு பெண் குழந்தை அப்பா இல்லாமல் இருக்கப் பழகிக்கொள்ள எத்தனை ஞாயிறு ஆகும்? அந்தப் பயம்தான் என்னை மெக்கானிக்கிடம் துரத்தியது.

பாகலூர் ரோட்டில் அவர் கடை. வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன், எனக்குத் தெரிந்தது ஒரே பாஷை. "வண்டி மேட்டுல இழுக்க மாட்டேங்குதுண்ணே" என்றேன். அவர் ப்ளக்கைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "ரொம்ப பிஸியா சார்?"

இந்த ஊரில் என்னை யாரும் அப்படி விசாரித்ததில்லை. கம்பெனியில் கேட்பதெல்லாம் எத்தனை பீஸ் முடிந்தது என்பதுதான். மனசு இளகிவிட்டது. "பிஸியெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. ரூமுக்குப் போனா சும்மாதான் கெடக்கேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் புது ப்ளக் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறும் வண்டி நின்றது. "இப்பவும் பிஸி இல்லீங்களா?" என்றார். "எங்கண்ணே, பேச ஒரு ஆளு கெடையாது" என்றேன். அவர் டேங்கைக் கழுவினார். அதற்கடுத்த வாரம் ஏர் ஃபில்டரை மாற்றினார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. நான் ஒவ்வொரு முறையும் என் அறை, என் சமையல், பக்கத்து அறைக்காரன் கதவைச் சாத்தியே வைத்திருப்பது என்று ஒன்று விடாமல் கொட்டினேன். ஷிப்ட் முடிந்ததும் கால் தானாக அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தது.

கடைசியில் பொறுமை இழந்து, என்னைப் பின்னால் உட்காரவைத்து அவரே வண்டியை ராயக்கோட்டை ரோட்டில் விரட்டினார். வழக்கம்போல முனகி நின்றது. இறங்கி என்ஜினைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டு துள்ளினார்.

"அய்யோ, இது பிஸி இல்லியா? கை வெந்துபோச்சே! கேட்டப்பல்லாம் இல்ல இல்லன்னீங்களே சார்!"

கன்னடத்தில் பிஸி என்றால் சூடு.

"நான் உங்களயா கேட்டேன்? வண்டியத்தான கேட்டேன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின்தான் உறைத்தது. ஒரு மனிதர் என்னை விசாரிக்கிறார் என்று நம்பி இத்தனை வாரம் ஓட்டியிருக்கிறேன். வெட்கத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

சூடு என்று தெரிந்ததும் அவருக்கு வேலை சுளுவாகிவிட்டது. பின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார், அதுவும் கொதித்தது. கொஞ்ச தூரம் ஓடியதும் பின் பிரேக் சக்கரத்தைக் கவ்விக்கொண்டு விடுவதில்லை. அதோடு மல்லுக்கட்டியே என்ஜின் காய்ந்திருக்கிறது. பிரேக் ஷூவை மாற்றி, ஆயிலையும் மாற்றிக் கொடுத்தார்.

அந்த ஞாயிறு வண்டி எங்கும் நிற்கவில்லை. மேட்டில் டெம்போக்களை நான் முந்தினேன். வெயில் ஏறுமுன் மத்தூர் வீட்டு வாசலில் இருந்தேன். மகள் கையில் சிலம்பக் கம்போடு வெளியே வந்துகொண்டிருந்தாள்.

"என்னப்பா, இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை, திகைப்புதான் இருந்தது. உள்ளேயிருந்து மனைவி சொன்னாள்: "காலையில சும்மா வாசலப் பாத்துக்கினு உக்காந்திருந்தா. அதான் கிளாஸ்ல சேத்துட்டேன். நீங்க எப்படியும் மத்தியானம்தானே வர்றீங்க."

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போடேம்மா" என்றேன்.

"மாஸ்டர் திட்டுவாருப்பா." செருப்பை மாட்டிக்கொண்டாள். தெருவில் இரண்டு பெண்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"சரி, அடுத்த வாரம் எப்ப வரட்டும்? நீயே சொல்லு."

என் மனம் நோகக் கூடாதே என்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொன்னாள்:

"எப்பவும் வர்ற நேரத்துக்கே வாங்கப்பா."