கரண்ட் அண்ணன் கைவிட்ட ஜீப்

பட்டறைத் தெருவில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் கைவைத்த வண்டியை இன்னொருவர் தொடக்கூடாது. தொட வேண்டுமென்றால், முதலில் கைவைத்தவரே அந்த வண்டியை ஓட்டிவந்து அடுத்தவர் வாசலில் நிறுத்தி, என்ன செய்தேன், எதுவரை பார்த்தேன், ஏன் விட்டேன் என்பதை நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். எப்போதோ ஒரு லாரி என்ஜினை இரண்டு மெக்கானிக்குகள் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துவிட்டு, காணாமல்போன ஒரு போல்ட்டுக்காக மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு இது. பதினோரு பட்டறைகளும் அதை மீறியதில்லை. கரண்ட் அண்ணன் முப்பத்தோரு வருடத்தில் ஒருமுறைகூட அடுத்தவர் வாசலுக்கு வண்டி கொண்டுபோனதில்லை.

அவர் வாகன எலக்ட்ரீஷியன். வயது ஐம்பத்தைந்து. தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட பட்டறை, எதிரே வெள்ளையடித்த சுவர். வருகிற வண்டியெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்து நிற்கும். விளக்கு எவ்வளவு தூரத்துக்கு அடிக்கிறது என்று அதில் தெரியும். மீட்டர் வைத்திருக்கிறார், கடைசியில்தான் எடுப்பார். அவர் முறை வேறு. என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பார். பிறகு சுவிட்சிலிருந்து விளக்குவரை ஒவ்வொரு இணைப்பையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டே போவார். சரியாகக் கவ்வாத இணைப்பு சூடேறும். சூடு எங்கே இருக்கிறதோ, கோளாறு அங்கே. அந்தத் தெருவில் எல்லோரும் செய்வதுதான் இது. இவர் வேகமாகச் செய்வார், அவ்வளவுதான்.

ஆறு மாதமாக அந்த விரல்களில் உணர்ச்சி இல்லை.

முதலில் சட்டைப் பொத்தான் போடும்போது தெரிந்தது. குளிர் என்று நினைத்தார். பிறகு டீ கிளாஸ் இரண்டு முறை நழுவியது. தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று ஊரின் மறுகோடியில் இருந்த டாக்டரிடம் போனார். "சர்க்கரை உங்களுக்குப் பல வருஷமா இருந்திருக்கு. நரம்பு போயிடுச்சு. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். போனது திரும்புமா என்று இவர் கேட்கவில்லை. மாத்திரைகளைப் பழைய ஃபியூஸ் டப்பாவில் போட்டுப் பட்டறையிலேயே வைத்துக்கொண்டார். பை தைக்கும் கம்பெனிக்குப் போய்வரும் மனைவிக்குக்கூடத் தெரியாது. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டில் இரண்டே பேர். மறைப்பது எளிதாக இருந்தது.

அந்த ஜீப் மலைமேல் இருக்கும் சுகாதார நிலையத்துடையது. இருபத்தாறு வயது. நாலு சக்கரமும் இழுக்கும், மேலே கித்தான் கூரை. கல்லும் முள்ளுமான பாதையில் வேறு வண்டி ஏறாது. டிரைவர், அண்ணனின் மச்சினன். பத்து நாளில் மூன்றாவது முறையாக அன்று காலை வந்து நின்றான்.

"மச்சான், மறுபடியும் புட்டுக்கிச்சு."

"எங்க வச்சு?"

"மூணாவது வளைவுல. விடிஞ்சும் விடியாத நேரம், பனி வேற. முதல்ல மங்கிச்சு, அப்புறம் ரெண்டு லைட்டும் பொசுக்குன்னு போச்சு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமில்ல. நர்ஸம்மா டார்ச்சை ஜன்னல் வழியா நீட்டிப் பிடிச்சாங்க, அந்த வெளிச்சத்துல இறங்கினேன். கீழ வந்து நிறுத்திக் கால் மணி நேரம் கழிச்சுப் போட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி பளிச்சுன்னு எரியுது. மாமியார் ஊருக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சிரிக்குது."

முதல் முறை, முன்பக்க எர்த் வயரைக் கழற்றித் துருவைச் சுரண்டி முறுக்கினார் அண்ணன். இரண்டாம் முறை டிம்-டிப் சுவிட்சை மாற்றினார். இரண்டு முறையும் எல்லா இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்த்தார். எதுவும் சுடவில்லை. சுடவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றியது.

மூன்றாம் முறையும் அதையே செய்தார். விளக்கைப் போட்டுக் காத்திருந்து, டாஷ்போர்டுக்குக் கீழே படுத்து, ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டார். வயர்க் கட்டு என்ஜின் பக்கம் நுழையும் இடத்தில் ஒரு இணைப்பு லேசாக ஆடியது. அதை அழுத்தி, மேலே டேப் சுற்றினார். சுவரில் வெளிச்சம் நன்றாகவே விழுந்தது. இருபது நிமிடம் கழித்து அது மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது.

மச்சினன் பானட்டில் சாய்ந்து நின்றான். "மச்சான், கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி ஒரு பிள்ளைத்தாச்சிப் பொண்ணை இறக்கணும். நம்ம தெரு ரேடியோகிட்ட குடுத்துடுங்களேன்."

"இன்னும் ஒரு தடவை பார்க்கிறேன்."

"பத்து நாளா பார்க்கறீங்க. நானே போய்க் கேட்டேன், தொடமாட்டேங்கிறாரு. அண்ணன் கொண்டுவரட்டும்ங்கிறாரு."

இந்த ஜீப் போனால், கீழே ஓடும் சுகாதாரத் துறையின் மற்ற வண்டிகளும் போகும். அவை போனால், ஏன் போயின என்று தெரு கேட்கும். அண்ணன் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

நாற்பதடி தூரம்தான். அதற்குள் பட்டறைக்கு ஒருவராக வெளியே வந்துவிட்டார்கள்.

ரேடியோ என்பவரும் எலக்ட்ரீஷியன்தான். தூக்கத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் பேசுவதால் அந்தப் பெயர். வண்டியைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். "வாங்கண்ணே, வாங்க. வழி தவறி வந்துட்டீங்களா? சொல்லியிருந்தா வாசல் தெளிச்சு வச்சிருப்பேனே. இந்தக் கிழவியைக் கட்டிட்டு மாரடிக்கிறீங்களே, காயலான் கடைக்காரன்கூட இதை யோசிச்சுத்தான் வாங்குவான்."

அண்ணன் இறங்கி நின்று, முறைப்படி சொன்னார். எர்த் பார்த்தது, சுவிட்ச் மாற்றியது, இன்று டேப் சுற்றியது. "எல்லா ஜாயிண்டும் பார்த்துட்டேன். எதுவும் சுடல. பிடிபடல, அதான் விட்டுட்டேன்."

"உங்களுக்கே பிடிபடலைன்னா நான் எம்மாத்திரம்" என்று சொல்லிக்கொண்டே ரேடியோ விளக்கைப் போட்டுக் காத்திருந்துவிட்டு உள்ளே படுத்தார். பேச்சு நிற்கவில்லை. இருக்கை பற்றி, கித்தான் நாற்றம் பற்றி, டிரைவரின் செருப்பு பற்றி. பிறகு "ஸ்ஸ்" என்று கையை உருவினார்.

விரலை வாயில் வைத்துக்கொண்டு, மறு கையால் விளக்கை அணைத்தார். இடுக்கியால் டேப்பைப் பிரித்தார். பசை உருகி நூல்நூலாக வந்தது. உள்ளே இருந்த இணைப்பின் பிளாஸ்டிக் கருகிப் பாகு மாதிரி வழிந்திருந்தது.

"அண்ணே, இந்த டேப் எப்ப சுத்தினது?"

"இன்னைக்குத்தான். பத்து மணி இருக்கும்."

"லைட் எரிஞ்சுட்டா இருந்துச்சு அப்போ?"

"எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு."

ரேடியோ எழுந்து வந்து அண்ணனின் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெள்ளையாக இரண்டு கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது. அண்ணனும் அப்போதுதான் அவற்றைப் பார்த்தார்.

"வலிக்கலையாண்ணே?"

"இல்ல."

"எத்தனை நாளா?"

"ஆறு மாசம் இருக்கும்."

ரேடியோ வாயைத் திறக்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் காற்றடிக்கும் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மச்சினன்தான் முதலில் பேசினான். "அக்காவுக்குத் தெரியுமா?"

அண்ணன் இல்லை என்று தலையை அசைத்தார்.

"சரி, அதை விடுங்க. இந்த ஆறு மாசத்துல எத்தனை வண்டி பார்த்திருப்பீங்க?"

கோபத்தில் கேட்ட கேள்வியில்லை. மூன்றாவது வளைவில் டார்ச் வெளிச்சத்தில் வண்டியை இறக்கியவன் கேட்டது. நின்றவர்களில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய சொந்த வண்டிகளும் அவர் கைக்கு வந்துபோனவைதான்.

ரேடியோ புது இணைப்பு போட்டு முடிக்கும்வரை அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் விளக்கை எரியவிட்டார்கள். மங்கவில்லை. "மச்சான், வர்றேன்" என்று சொல்லிவிட்டு மச்சினன் கிளம்பினான். வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார்.

பட்டறைக்குத் திரும்பி, வேலை நோட்டை எடுத்தார். வண்டி எண், உரிமையாளரின் போன் எண், செய்த வேலை, எல்லாம் அதில் இருக்கும். தாள் விரலில் அகப்படவில்லை. எச்சில் தொட்டும் இரண்டு மூன்றாகப் புரண்டது. பேனா முனையால் தள்ளித் தள்ளி ஆறு மாதம் பின்னால் போனார். விளக்கு வேலை மட்டும் எண்ணினார். நாற்பத்து மூன்று.

மணி நாலு. வெளியே மேகம் இறங்கி, எதிர்ச் சுவர் சாம்பல் நிறமாகியிருந்தது.

முதலில் பள்ளிக்கூட வேன். எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினார். மூன்றாவது முறை வேன்காரர் எடுத்தார்.

"சொல்லுங்கண்ணே, அதிசயமா இருக்கு."

"உங்க வேன் ஹெட்லைட் ஒயரிங்கை மறுபடி பார்க்கணும். நான் பார்த்தது சரியில்ல."

"நல்லாத்தானே எரியுது?"

"எரியும். உள்ள எங்கயாவது கருகிட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. என் விரல்ல உணர்ச்சி இல்ல. ரேடியோகிட்ட காட்டுங்க, நான் சொல்லிக்கிறேன்."

"நாளைக்குக் கொண்டுபோகச் சொல்றேண்ணே."

"இப்ப வண்டி எங்க?"

"மகன் எடுத்துட்டுப் போயிருக்கான். பசங்களை இறக்கிவிடற நேரம்ல."

"லைட் போட்டிருப்பானா?"

"மழை இருட்டு கட்டியிருக்கே. போட்டுத்தான் ஓட்டுவான்."

"அவனைக் கூப்பிடுங்க. லைட் எரிய எரிய ஒயர் சூடேறிப் பத்திக்கலாம். ஓரமா நிறுத்தி லைட்டை அணைக்கச் சொல்லுங்க. நிறுத்தினதும் எனக்குச் சொல்லுங்க."

போனை மேசைமேல் வைத்தார். நோட்டில் அடுத்த எண் கண்ணெதிரே இருந்தது. அதற்குக் கீழே இன்னும் நாற்பத்தொன்று. கூப்பிடலாம். கூப்பிட்டால், வேன்காரர் அழைக்கும்போது லைன் கிடைக்காமல் போகும். மழை தகரத்தில் விழத் தொடங்கியது. போன் அடித்தால் காதில் விழாதோ என்று அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். அது அதிர்ந்தால் அந்தக் கைக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்ததும், திரும்ப மேசைமேல் வைத்து, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.