குலசேகரத்துக்கு ஒரு தேங்காய்ப்பட்டணத்து வெள்ளை

1. சுவரை நக்குவார்களா?

நாகர்கோவில் பெயின்ட் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் சுவருக்கு அடிக்கும் சீமை டிஸ்டெம்பர் டின்கள் வந்து இறங்கின. பி.ஏ. பாஸ் செய்த திமிர் எனக்கு. கலர் அட்டையில் இருந்த இங்கிலீஷை வாசிக்க அந்தக் கடையில் என்னை விட்டால் ஆள் கிடையாது. ஐவரி, பிஸ்கட், ஸ்டோன், பஃப் என்று எல்லாம் கண்ணை உறுத்தாத மங்கல் நிறங்கள். பெரிய இடத்து வீடுகளில் இப்போது இதுதான் பாஷன் என்று முதலாளிக்குப் பிரசங்கம் செய்தேன்.

முதலாளி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிஸ்கட்டுன்னு சொல்லி வித்தா, வாங்குகவன் சுவத்த நக்கிப் பாப்பானே மக்கா!"

அந்தச் சிரிப்பு அடங்குமுன் காசிம் காக்கா உள்ளே வந்தார். குலசேகரத்தில் ரப்பர் வியாபாரம் செய்பவர். புதுசாக வீடு கட்டியிருந்தார்.

"எனக்கு ஒரு வெள்ள வேணும் தம்பி."

"வெள்ளைக்கு எதுக்கு காக்கா இவ்வளவு தூரம்? சிப்பிச் சுண்ணாம்ப கலக்கி அடிச்சாப் போதுமே."

"அடிச்சாச்சு. ஆனா பச்சையாட்டுல்லா இருக்கு."

"ஓய், கண்ணுக்கு மருந்து விக்கிய கடை எதுத்தாப்லயாக்கும்" என்றார் முதலாளி.

காக்கா சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அவருடைய மனைவி சபியா தேங்காய்ப்பட்டணத்துக்காரி, கடற்கரையில் வளர்ந்தவள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனாள். ஆண் பிள்ளை. நாற்பது நாள் கழிந்தும் திரும்பி வரவில்லை.

"சண்ட ஒண்ணும் இல்ல தம்பி. வாறேன் வாறேன்னுதான் சொல்லுதா. வண்டி கொண்டு போனா புள்ளைக்குச் சளிங்கா, அடுத்த மட்டம் போனா மழைங்கா. அவளுக்கு அந்த ஊரு தேடுது, நெனச்சு நெனச்சு ஏங்குதா. நம்ம வீட்டுல இருந்தா பட்டப்பகல்லயும் குளத்துக்கு அடியில கெடக்க மாதிரி இருக்காம். உம்மா வீட்டுச் சுவரு மாதிரி ஒரு சுவரு இருந்தாப் போதும்னு ஒரு நாளு சொன்னா. அத எப்பிடியாவது உண்டாக்கிக் குடு."

"இவ்வளவுதானா காக்கா? நாளைக்கே வாறேன்" என்றேன். அட்டைதான் கையில் இருக்கிறதே என்ற தைரியம்.

2. பூத்துப்போன பிஸ்கட்

குலசேகரத்தில் அந்த அறைக்குள் கால் வைத்ததும் காக்கா சொன்னது புரிந்தது. ஜன்னல் வரைக்கும் ரப்பர் மரம். உள்ளே வருகிற வெயில் முழுதும் இலை வழியாக வடிந்துதான் வருகிறது. சுவர், கூரை, தரை எல்லாம் லேசான பச்சை.

ஐவரியை ஒரு மூலையில் அடித்துக் காயவிட்டோம். மாங்காய்த் தோல் நிறம் வந்தது. ஸ்டோன் பாசி பிடித்த கல்லாகவே ஆனது. பிஸ்கட்டைப் பற்றி, வெள்ளையடிக்கும் ஞானமுத்து கொத்தனார் தீர்ப்பு சொன்னார்.

"தம்பிக்க பிஸ்கட்டு பூசணம் பூத்துப் போச்சே. இனி நாயி கூட திங்காது."

எனக்குக் காது சுட்டது. "அசல் சுவரைப் பாக்காம நகல் எடுக்க முடியாது காக்கா, வாங்க போலாம்" என்று அவரையும் கிளப்பிக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் போனேன்.

அங்கே எனக்கு அடுத்த அடி. சபியாவின் வீட்டுச் சுவரும் வெறும் சிப்பிச் சுண்ணாம்புதான், நம் பக்கத்து வழக்கப்படி துளி நீலம் கலந்தது. ஞானமுத்து குலசேகரத்தில் அடித்த அதே கலவை. ஆனால் இங்கே காய்ச்சின பால் மாதிரி இதமாக இருந்தது. வாசலில் விரிந்து கிடந்த மணலில் வெயில் விழுந்து, அங்கிருந்து சுவருக்கு ஏறிக்கொண்டிருந்தது.

சந்தேகம் தீரட்டும் என்று என் வெள்ளைச் சட்டையைக் கழற்றிச் சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். சட்டையும் பால் நிறமாகத்தான் தெரிந்தது. இதே சட்டை குலசேகரத்தில் பச்சை அடித்திருந்தது.

காக்காவின் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மருமவனே, சுவத்துக்கு உடுப்பு தைக்கியதுக்கா ஆளு கூட்டிட்டு வந்திருக்கியோ?"

கதவுக்குப் பின்னாலிருந்து சபியாவின் குரல் வந்தது. "அங்க சுவரு அடிச்சாச்சா?"

"அடிச்சிட்டு இருக்கு பிள்ளே" என்றார் காக்கா.

"ம்."

காக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது வண்டியில், பிள்ளையைப் பிடித்திருந்த கையை ஒரு தடவை மோந்து பார்த்தார்.

3. வெள்ளையில் காவி

சுவரில் எந்தத் தப்பும் இல்லை, வெளிச்சம்தான் வேறு என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. பச்சையை அடக்கச் சிவப்பு வேண்டும். நீலத்தை அடியோடு நிறுத்தினேன். சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை காவி, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மஞ்சள் மண்.

ஞானமுத்து சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கீழே போட்டார். "வெள்ளையில நீலத்த விட்டுட்டுக் காவியா? என்ன தம்பி, கோயில் மதிலு அடிக்கியதுக்கா என்னையக் கூப்பிட்டிய?"

வாளியில் பார்த்தால் வெற்றிலைத் தட்டு கழுவின தண்ணீர் மாதிரிதான் இருந்தது. ஈரச் சுவரில் இன்னும் மோசம். காக்காவின் முகம் செத்துவிட்டது. "காயட்டும் காக்கா" என்று சொன்னேனே தவிர, எனக்கும் நம்பிக்கை இல்லை.

மறுநாள் வெயில் ஏறினபோது சுவர் வெளுத்தது. காவி போன இடம் தெரியவில்லை. பச்சையும் இல்லை. ரப்பர் காட்டுக்கு நடுவில் பால் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. ஞானமுத்து பக்கத்தில் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காக்கா அன்றைக்கே வண்டி அனுப்பினார்.

இந்த முறை சளி இல்லை, மழை இல்லை. சபியா வந்தாள். நாங்கள் முற்றத்தில் நின்றோம். அவள் பிள்ளையோடு அந்த அறைக்குள் போனாள். காக்கா முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

காக்காவுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார். "எப்பிடி இருக்கு?"

"உம்மா வீட்டுல இருக்க மாதிரியே இருக்கு" என்றாள் உள்ளேயிருந்து.

காக்கா என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "ஞானமுத்து, இதையே வீடு பூராவும் அடிச்சு விடும்!"

"வேண்டாம்" என்றாள் சபியா. "ஒரு ரூம்பு போதும்."

"ஏன் பிள்ளே, இது பிடிக்கலியா?"

"பிடிச்சதுனாலதான் சொல்லுதேன். வீடு பூராவும் எங்க ஊராக்கிப் போட்டா, பொறவு எங்க ஊரு எனக்கு எப்பிடித் தேடும்? கொஞ்சம் மிச்சம் கெடக்கட்டு."

"மத்த ரூம்பு எல்லாம் பச்சையால்லா இருக்கும்?"

"இருக்கட்டு. இவன் வளரப் போறது இங்கதானே. நாளைக்கு எங்கயாவது தூரத்துக்குப் போனான்னா, இவனுக்கு அந்தப் பச்சதான தேடும்?"

காக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஞானமுத்து வாளியைக் கழுவி வைத்தார்.

பெயின்ட் விற்க வருகிற மக்காமாரே, லாபம் என்று நினைத்து ஒரே நிறத்தை வீடு முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு ஊர் தேடும்.