அலுமாரியில் இருக்கும் நல்லது

விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று விமானிக்குக் காட்டும் மானிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். வேலை கீழே, கொழும்புப் பக்கம். வீடு மேலே மலைநாட்டில், கலஹா ரோட்டில், ஒரு மேட்டின் உச்சியில். ஞாயிறு சாயந்திரம் பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமைதான் திரும்பி வருவேன். பிளேன் வேலை என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் பெரிய பெருமை. நான் மல்லுக்கட்டுவது ஒரு பெட்டியோடு என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மானிகளைச் சோதிக்கும் பெட்டி அது. காற்றை உறிஞ்சி, மேலே பறப்பதுபோல் அழுத்தத்தைக் குறைக்கும். மானி சரியான உயரத்தைக் காட்டுகிறதா என்று நாங்கள் பார்ப்போம். காலையில் பாஸ் என்ற மானியை மத்தியானம் பெயில் என்று சொல்லும் சனியன். குழாயை மாற்றினோம், பிளக்கை மாற்றினோம், ஏசியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தோம். வெளிநாட்டுக்கு அனுப்பினால் அங்கே சமர்த்தாக இருந்துவிட்டு, குறை ஒன்றுமில்லை என்று புது ஸ்டிக்கரோடு வரும். வந்த கிழமையே பழைய குணம். பழுதுபார்க்க நான் சலித்ததில்லை. பழுது மானியிலா பெட்டியிலா என்று தெரியாமல் நிற்பதுதான் ஆளை உருக்கிவிடும்.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். எந்த விமானத்துக்கும் போகாத, சரியானது என்று நாங்கள் நம்பி எடுத்துவைத்த ஒரு மானி அலுமாரியில் இருக்கும். சிங்களத்தில் ‘ஹொந்த எக’, அதாவது நல்லது, என்றுதான் அதற்குப் பெயர். பெட்டி ஒரு மானியைப் பெயில் என்றால், உடனே நல்லதை மாட்டிப் பார்ப்போம். நல்லது பாஸானால் அந்த மானி பழுது. நல்லதும் பெயிலானால் பெட்டியில் கோளாறு. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இந்த வருடம் என் மனைவிக்குத் தலைசுற்றல் வந்தது. பேராதனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். பிரஷராக இருக்கலாம், வீட்டில் கொஞ்ச நாள் அளந்து பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு மருந்து பற்றி யோசிக்கலாம் என்றார் டொக்டர். பாமசியில் மெஷின் ஒன்று வாங்கி, அந்த வெள்ளிக்கிழமை நானே அவள் கையில் கட்டினேன். பயப்படும்படி பிரஷர் கூடுதலாகக் காட்டியது. அவள் முகம் செத்துவிட்டது. அவளுடைய அம்மா பாரிசவாதத்தில் விழுந்து எழும்பாமலே போனவர்.

என் கை தானாகவே வேலை செய்தது. பட்டையைக் கழற்றி எனக்குக் கட்டினேன். எனக்கு அவளைவிடவும் கூடக் காட்டியது. மெஷின்தான் பிசகு என்று சிரித்து, அலுமாரியில் இருக்கும் நல்லதன் கதையை அவளுக்குச் சொன்னேன். எனக்கு ஒரு நோய் வருத்தமும் கிடையாதே! களைப்பு மட்டும்தான், பஸ்ஸும் பெட்டியும் தந்த களைப்பு. விடிந்தால் தலைப்பாரம், வீட்டு மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். ஐம்பது தாண்டினால் அது யாருக்குத்தான் இல்லை?

கடையில் கொடுத்து வேறு மெஷின் மாற்றி வந்தோம். அதுவும் அதே கதை: அவளுக்குக் கூடுதல், எனக்கு அதைவிடக் கூடுதல். இந்தக் காலத்துச் சாமானெல்லாம் இப்படித்தான் என்று அதைத் தூக்கி மேசைக்கடியில் போட்டேன். இங்கேயும் ஒரு பெட்டியா என்று வெறுத்துப்போனது. ஆனால் அவளுக்குத் தலைசுற்றல் நிற்கவில்லை. வகுப்பில் ஒருநாள் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“மெஷின் கதைய விடுங்க. நாளைக்கு கிளினிக் போறோம்” என்றாள்.

கிளினிக்கில் நேர்ஸ் பழைய பாதரச மெஷினில் பார்த்தார். வீட்டு மெஷின்கள் சொன்ன அதே அளவு. டொக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, இப்போதாவது வந்தீர்களே என்றார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் பயப்பட ஒன்றுமில்லையாம். எனக்கு உயிர் வந்தது. புறப்பட எழும்பினேன். மனைவி எழும்பவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இவரையும் ஒரு தடவை பாருங்கள் என்று நேர்ஸிடம் சிங்களத்தில் சொன்னாள்.

நேர்ஸ் பார்த்தார். மற்றக் கையிலும் பார்த்தார். உடனே போய் டொக்டரைக் கூட்டி வந்தார். அதற்குப் பிறகு என்னை நடக்க விடவில்லை; வீல் செயரில் இருத்தி வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மனைவி கூடவே வந்தாள். ஒரு சொல் திட்டவில்லை.

“உங்களத்தானேங்க நல்லதுன்னு வச்சுப் பாத்தோம்” என்றாள்.

வார்டில் படுத்தபடியே வேலைக்குப் போன் எடுத்தேன். எங்கள் பெரியவர் நான் லீவு கேட்கிறேன் என்று நினைத்து, சரி சரி என்றார். லீவு பிறகு, அலுமாரியில் இருக்கிற நல்லதை முதலில் சோதனைக்கு அனுப்புங்கள் என்றேன்.