இலுப்பை எண்ணெயில் ஓடிய ஜீப்

ஜமுனாமரத்தூரில் மாதையனின் காதுக்குத் தனி மரியாதை இருந்தது. இந்தக் காலத்து வண்டிகளில் எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு எரிபொருள் என்று ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறது. அவனுடைய பழைய டீசல் ஜீப்பில் அந்த வேலையைக் காதுதான் பார்த்தது. கரும்புகை வருவதற்கு முன்பே, "தீனி அதிகமாப் போவுது" என்று சொல்லிப் பம்பைத் திருகுவான். கெட்டிக்காரக் காதுதான். மனுஷர் பேச்சு மட்டும் அதில் லேசில் ஏறாது.

எழுபத்தொன்பது கடைசியில் டீசலுக்குத் தட்டுப்பாடு வந்தது. போளூர் பெட்ரோல் பங்கில் காலையிலிருந்து கால்கடுக்க நின்றாலும் ஐந்து லிட்டர்தான். மலையிலோ வீட்டுக்கு வீடு இலுப்பை எண்ணெய். விளக்கில் எரிவது எஞ்சினில் எரியாதா என்று மாதையனுக்குத் தோன்றியது. பழைய வேட்டியில் வடிகட்டி, டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினான். ஜீப் ஓடியது. நாலு பேர் மெச்சியதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

மார்கழியில் தங்கை சாந்தம்மாளுக்குத் திருப்பத்தூரிலிருந்து பால்வாடி டீச்சர் வேலைக்கு இண்டர்வியூ கடிதம் வந்தது. பத்தாவது தேறிவிட்டு இரண்டு வருஷமாக அதற்காகத்தான் காத்திருந்தாள். காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

அன்று விடியலில் டின்னில் எண்ணெய் நெய்யாக உறைந்து கிடந்தது. மாதையன் அடுப்பில் வைத்து இளக்கி, டீசலோடு கலந்து டாங்கில் ஊற்றினான்.

"ஆறிப்போனா திரும்ப உறைஞ்சிக்குமேண்ணா? நான் பஸ்லயே போய்ட்டு வர்றேன்" என்றாள் சாந்தம்மாள்.

"வண்டியப் பத்தி எனக்குத் தெரியும். நீ ஏறு."

குழாயில் மிச்சமிருந்த டீசலில் ஜீப் ஜோராகக் கிளம்பியது. மலையை விட்டு இறங்குவதற்கு முன் ஓர் ஏற்றம். அதில் எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே மெழுகு மாதிரி அடைப்பு. பஸ் முன்பே போயிருந்தது.

சுள்ளி பொறுக்கி, வெந்நீர் வைத்து, அடைத்த பாகங்களை ஒவ்வொன்றாகக் கழுவினான். சாந்தம்மாள் சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

திருப்பத்தூர் போய்ச் சேரும்போது மணி ஒன்று. அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, ஆள் வரவில்லை என்று எழுதி முடித்திருந்தார்கள்.

மெக்கானிக் தாண்டவராயன் ஃபில்டரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "விளக்குல திரி மெல்ல உறிஞ்சிக்கும்பா. எஞ்சின்ல பூந்தூறலாத் தூவணும். கெட்டியானத எப்டித் தூவும்? உன் காதுக்கு இன்னா, வண்டி இருமினப்புறந்தானே கேக்கும்!"

எண்ணெய் மறுபடி விளக்குக்குப் போயிற்று. அதன்பிறகு மாதையனுக்கு ஒரு பழக்கம் வந்தது. அந்த ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் நன்றாக இருந்தாலும் வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் இருப்பவரிடம், "எதனா சொன்னீங்களா?" என்று கேட்பான். ஜனங்கள் சிரிப்பார்கள்.

ஒரு நாள் பக்கத்தில் இருந்தவள் சாந்தம்மாள். பழக்கதோஷத்தில் அவளிடமும் கேட்டுவிட்டான்.

"எதனா சொன்னியா, சாந்தா?"

"சொன்னேண்ணா" என்றாள் அவள், பாதையைப் பார்த்தபடி. "அன்னிக்கே சொன்னேன்."