எங்கள் அண்ணா வேலை செய்த மங்கரே பப்

அண்ணா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிவிட்டது. ஆட்டத்திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உங்களில் பலர் சென்ற ஆண்டு அவரது மரண அறிவித்தலையும் பார்த்திருப்பீர்கள். "ஓக்லாந்து விமான நிலைய முன்னாள் ஊழியர்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியவள் அவருடைய ஒரே தங்கையான நான். அது முழுப் பொய் அல்ல. ஓய்வு பெறும் முன் கடைசி ஆறேழு வருடம் அவர் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் வேலை செய்தார். ஆனால் அதற்கு முன் ஏறக்குறைய இருபது வருடம் அவர் வேலை செய்த இடம் தெற்கு ஓக்லாந்தின் மங்கரேயில் இருந்த ஒரு பப். அந்த இருபது வருடத்தை நான் தெரிந்தே விட்டுவிட்டேன். அதனால் அவருடைய மிக நெருங்கிய நண்பர்களால் அவரது இறுதிக் கிரியைக்கு வர முடியாமல் போனது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி வேறு எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

அண்ணா சாவகச்சேரியில் பிறந்தவர். எங்கள் அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். அண்ணாவுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கட்டடங்களில் ஒரு பைத்தியம். யாராவது புதிதாக வீடு கட்டினால் போய் நின்று பார்ப்பார், திரும்பி வந்து கொப்பியில் வரைவார். தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்புக்குச் சேர்ந்தார். இரண்டாம் வருடத்தில் நாட்டு நிலைமை அதை முடிக்க விடவில்லை. அப்பாவும் அந்த வருடமே தவறிப்போனார். எண்பதுகளின் கடைசியில் அண்ணா நியூசிலாந்து வந்து சேர்ந்தபோது அவரிடம் முடிக்காத படிப்பும், அம்மாவையும் என்னையும் கூப்பிட வேண்டிய பொறுப்பும் மட்டுமே இருந்தன.

மங்கரேயில் நாலு பேரோடு ஒரு வீட்டில் இருந்தார். நடந்து போகும் தூரத்தில் பப். கண்ணாடிக் கதவில் காலைத் துப்புரவு வேலைக்கு ஆள் தேவை என்று ஒட்டியிருந்ததாம். உள்ளே போய்க் கேட்டார். அடுத்த நாள் காலை தும்புத்தடியோடு நின்றார். இரண்டு வருடத்தில் நிலவறையில் பீப்பாய்களைப் பார்க்கும் வேலை, பிறகு பாரில் நிற்கும் வேலை, கடைசியில் பகல் நேரப் பொறுப்பாளர். நெற்றியில் திருநீறோடுதான் பியர் வார்த்தார். ஒரு சொட்டுக்கூட அவர் வாயில் பட்டதில்லை.

அந்தக் கட்டடத்தின் வரைபடச் சுருளை அலுவலக அலுமாரி ஒன்றில் அண்ணா கண்டெடுத்தார். அதிலிருந்து அந்தப் பப்பின் கதையை விசாரிக்கத் தொடங்கினார். சாப்பிட உட்கார்ந்தால் எங்களுக்கும் அதுதான் கதை. நான் காது கொடுக்காதவள் போல இருப்பேன். ஆனால் எல்லாம் நினைவில் இருக்கிறது.

ஐம்பது அறுபதுகளில் அரசாங்கம் தெற்கு ஓக்லாந்தின் பண்ணைக் காணிகளில் வரிசை வரிசையாக வீடுகள் கட்டியது. நகர நடுவிலிருந்த பழைய வீடுகளை விட்டு வந்தவர்கள், நாட்டுப்புறத்திலிருந்து வேலை தேடி வந்த, இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிக் குடும்பங்கள், சமோவா, தொங்கா என்ற பசிபிக் தீவுகளில் இருந்து வந்தவர்கள் என்று எல்லாரும் அங்கே குடியேறினார்கள். வீடு இருந்தது. கூடிக் கதைக்க ஓர் இடம் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் மாலை ஆறு மணிக்கே பார்களை மூட வேண்டும் என்று ஒரு சட்டம். அறுபதுகளின் பிற்பகுதியில் அது போனதும், பியர்க் கம்பனிகள் இப்படியான குடியிருப்புகளுக்கு நடுவில் பெரிய பெரிய பப்களைக் கட்டின.

"வீடு கட்டினவங்கள் ஹோல் கட்ட மறந்துபோட்டாங்கள். பியர்க்காரன் வந்து ஹோலைக் கட்டி, உள்ளுக்கை ஒரு பாரையும் வைச்சிட்டான்," என்பார் அண்ணா.

மண்ணிறச் செங்கல்லில் நீளமாகப் படுத்துக் கிடக்கும் ஒற்றை மாடி. தெருப்பக்கம் ஜன்னலே இல்லை. முன்னால் கால்பந்து விளையாடக்கூடிய அளவுக்குக் கார் தரிப்பிடம். வேலை உடுப்போடு வருபவர்கள் உயர மேசைகளில் நின்று குடிக்க ஒரு பெரிய கூடம், மனைவியைக் கூட்டி வருபவர்களுக்குக் கதிரை போட்ட இன்னொரு கூடம், பக்கத்தில் போத்தல் கடை. என்ன ஊற்றினாலும் கறை தெரியாதபடி பூப்பூவாகப் போட்ட கார்ப்பெட். கூரை தட்டை. மழைக்கு நாலு இடத்தில் ஒழுகும். "இன்னும் ரெண்டு அங்குலம் சாய்வு வைச்சிருந்தா இந்த வாளியள் தேவையில்லை," என்று படவரைஞர் அண்ணா பத்தொன்பது வருடமும் குறைப்பட்டார்.

பிறந்தநாள், கலியாணம், றக்பிக் குழுவின் பரிசளிப்பு, செத்தவீடு முடிந்து சாப்பிடுவது, எல்லாம் அங்கேதான் நடந்தன. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் இறைச்சிச் சீட்டு என்று ஒன்று உண்டு. ரிக்கெட் வாங்க வேண்டும், இலக்கம் விழுந்தால் ஒரு தட்டு நிறைய இறைச்சி. முன்பு சீட்டை எடுத்தவன் தன் மைத்துனனுக்கே விழுத்துகிறான் என்று அடிபாடு வந்ததாம். அன்றிலிருந்து சீட்டெடுக்கும் வேலையை அண்ணாவிடம் கொடுத்துவிட்டார்கள்.

"ஏன் அண்ணா உங்களிட்டை?" என்று அப்போது கேட்டேன்.

"சைவக்காரன் ஆட்டுக்காலைக் களவெடுக்க மாட்டான் எண்டு நம்பினாங்கள்," என்று சிரித்தார். "ஹெமி சொல்லுவான், 'இந்த ஆளுக்கு சொசேஜுக்கும் சவர்க்காரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, இவன்தான் சரியான ஆள்' எண்டு."

ஹெமி நிலவறையில் அண்ணாவோடு வேலை செய்த மாவோரி நண்பர். பாருக்குப் பின்னால் கொக்கி அடித்த ஒரு பலகையை இருவரும் சேர்ந்துதான் செய்தார்களாம். கூடக் குடித்தவர்களின் கார்ச் சாவியை வாங்கி அதில் மாட்டிவிடுவார் அண்ணா. வீடு நடை தூரம்தான், நடந்து போவார்கள். காலையில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றால், ஒரு தேத்தண்ணீரும் சாவியும் கிடைக்கும்.

எங்கள் அம்மா இங்கே வந்து சேர்ந்த கிழமையே கேட்டார்:

"தம்பி, நீ குடிக்கிறியோ?"

"இல்லையம்மா."

"அப்ப சரி." அதோடு அம்மாவுக்கு அந்த விஷயம் முடிந்துவிட்டது. வெட்கப்பட்டவள் நான்தான். எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் ஹமில்ற்றன் நகரில் நல்ல பெயர் எடுத்த ஆசிரியர் குடும்பம் என்றார்கள். நான் அண்ணாவிடம் போனேன்.

"அண்ணா, எயார்போர்ட்டிலை வேலை எண்டு சொல்லுவமே? இங்கை கன பேர் அங்கைதானே."

"உனக்கு அதுதான் சுகமெண்டா அப்பிடியே சொல்லு," என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் பப்பின் பெயர் போட்ட சேர்ட்டோடு என் வீட்டுக்கு வரவில்லை. காரிலேயே மாற்றிக்கொண்டு வருவார். என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால், பரீட்சை என்றால், நான் பதறிப் போய் அவரைத்தான் கூப்பிடுவேன். வேலையிலிருந்து நேரே வருவார், வாசலில் சேர்ட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டே. அந்தப் பப்பின் உள்ளே நான் ஒருமுறைகூடக் காலடி வைத்ததில்லை.

காலம் மாறியது. குடித்துவிட்டுக் கார் ஓட்டுபவர்களைத் தெருவில் மறித்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். உள்ளே புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சுப்பர்மார்க்கெட்டில் பியர் மலிந்தது. கூடம் மெல்ல மெல்ல வெறுமையாக, ஒரு நாள் பப்பை மூடியும் விட்டார்கள். அண்ணா அந்த வரைபடச் சுருளை மட்டும் கேட்டு வாங்கி வந்தார். அடுத்த மாதம் விமான நிலையத்தில் வேலை கிடைத்தது. அவர் வாடிப் போயிருந்தார். நானோ, சொன்ன பொய் உண்மையாகிவிட்டது என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலை, தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கதிரையிலிருந்து எழும்பியவர் அப்படியே சாய்ந்தார். அம்புலன்ஸ் வந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போதும் காலையில் ரெலிபோன் அடித்தால் எடுக்கச் சொல்லி மகளைக் கூப்பிடுகிறேன். பிள்ளைகள் மெசேஜுக்குப் பதில் போடப் பிந்தினால் திரும்பத் திரும்பப் போன் அடிக்கிறேன்.

அறிவித்தல் எழுத உட்கார்ந்தபோது அண்ணி கேட்டார், "பப்பையும் போடுவமே?" "வேண்டாம் அண்ணி, எயார்போர்ட் காணும்," என்றேன். ஆங்கிலப் பத்திரிகைக்கும் அதையே, அப்பாவின் பெயரையும் சேர்த்த நீண்ட முழுப் பெயரோடு கொடுத்தேன். பப்பில் அவரைக் கூப்பிட்டது மூன்றெழுத்துச் செல்லப் பெயர். அவருடைய போன் அடிப்பதைத் தாங்க முடியாமல் அதையும் நிறுத்தி அலுமாரிக்குள் வைத்தேன்.

மூன்று கிழமை கழித்து, நானும் அண்ணியும் இருந்தபோது, அண்ணாவின் வீட்டுக்கு ஹெமி வந்தார். மாதத்தின் முதல் சனிக்கிழமைகளில் பழைய பப்காரர்கள் ஒரு பேக்கரியில் கூடுவார்களாம். அண்ணா எனக்குக் கோயில் வேலை என்று சொல்லிப் போன சனிக்கிழமைகள் அவை. அண்ணா வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்று தேடியவரிடம் அண்ணாவின் தெரு மூலைக் கடைக்காரர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"பேப்பரில் நானும் அந்த அறிவித்தலைப் பார்த்தேன், சிஸ்டர். யாரோ எயார்போர்ட் ஆள் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்."

நான் அழத் தொடங்கினேன். அவர் கோபிக்கவில்லை. "நாங்கள் அவனை வழியனுப்பவில்லை. எங்கள் வழக்கத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. வரமுடியாமல் போனவர்களிடம், குடும்பம் இறந்தவரின் படத்தைக் கொண்டு வரும். கொண்டு வருவீர்களா?"

வருவோம் என்றார் அண்ணி, என் முகத்தைப் பாராமல்.

அந்தக் கட்டடம் இப்போது ஒரு தொங்கா மக்களின் தேவாலயம். போதகர் ஒரு சனிக்கிழமை மதியத்துக்குக் கூடத்தைத் திறந்துவிட ஒப்புக்கொண்டார். அண்ணி, நான், என் மகள் மூவரும் போவதாக இருந்தது. தேவாலயத்தில் அஞ்சலி என்று மட்டும் கேள்விப்பட்டு என் கணவரின் அக்கா, ஹமில்ற்றன் மச்சாள், தானும் வருவதாகச் சொன்னார். என்னென்னவோ சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். "ஏன், காரிலை இடமில்லையோ?" என்று கேட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் பொய் சொன்ன என் மாமனாரும் இப்போது இல்லை, இனி யாருக்காக மறைக்கிறேன் என்று தெரியாமலே மறைத்துக்கொண்டு போனேன்.

வாசலில் முப்பது பேரளவில் நின்றார்கள். ஒரு வயதான மாவோரி அம்மா நீண்ட குரலெடுத்து எங்களை உள்ளே அழைத்தார். படத்தை மகள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பார் இருந்த இடத்தில் ஒரு மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஹெமி படத்தைப் பார்த்து, உயிரோடு இருப்பவரிடம் கதைப்பதுபோல் கதைத்தார். சொல்லாமல் போனதற்கு ஏசினார், சிரித்தார், பிறகு அழுதார். அவர் உட்கார்ந்ததும் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். குடும்பம் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணி என் முழங்கையைத் தொட்டார். எழும்பினேன். மச்சாள் பக்கம் பார்க்கவில்லை. "இவர் என்னுடைய அண்ணா. இந்த இடத்தில் இருபது வருடம் வேலை செய்தார். அதை நான் எல்லாரிடமும் மறைத்தேன். உங்களுக்குத் தெரியாமல் போனது என்னால்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றேன். நின்றபடியே அழுதேன். அவர்கள் எழும்பிப் பாடினார்கள். ஒவ்வொருவராக வந்து, தங்கள் வழக்கப்படி, நெற்றியையும் மூக்கையும் என் முகத்தோடு ஒற்றிப் போனார்கள். ஒரு பெண்மணி, "என் புருசனின் சாவியை எத்தனை தரம் மாட்டி வைத்தார் தெரியுமா? அதனால்தான் என் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் தகப்பன் இருக்கிறான்," என்றார்.

தேத்தண்ணீர் குடிக்கும்போது மச்சாள் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நீர் சும்மா இவ்வளவு காலமும் பாரம் சுமந்திருக்கிறீர். எங்களுக்கு அப்பவே தெரியும்."

"என்ன தெரியும்?"

"கலியாணத்துக்கு முதலே உம்மடை அண்ணா தனியக் கார் ஓடி ஹமில்ற்றன் வந்து அப்பாட்டைச் சொன்னவர். 'நான் பப்பிலை வேலை செய்யிறனான். பொய்யிலை என்ரை தங்கச்சி உங்கடை வீட்டுக்கு வரக்கூடாது. ஆனா நான் சொன்னது அவளுக்குத் தெரியவேண்டாம், வெக்கப்படுவாள்' எண்டு. அப்பா சொன்னார், 'இப்பிடிப்பட்ட ஆளின்ரை தங்கச்சி வேணும்' எண்டு. எங்கள் எல்லாருக்கும் வாயைப் பூட்டிப்போட்டார்."

"ஏன் பிறகாவது சொல்லேல்லை?"

"சொல்லக்கூடாதெண்டு கேட்டவரல்லோ," என்றார் மச்சாள்.

என் மகள் படத்துக்கு முன்னால் நின்று ஹெமியிடம் ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை நான் எதற்கெல்லாம் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று அப்போது யோசித்தேன். அண்ணா என்னை அப்படிப் பிடிக்கவில்லை. நான் வெட்கப்பட்ட வழியிலேயே என்னைப் போகவிட்டு, விழாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்.

ஆதலால் எங்கள் நன்றி முதலில் பழைய பப் நண்பர்களுக்கு. கூடத்தைத் திறந்துவிட்ட போதகருக்கும், படத்தோடு வந்த எங்களை அழைத்த அந்த அம்மாவுக்கும். இருபத்தெட்டு வருடம் ஒரு வாக்கைக் காப்பாற்றிய என் கணவரின் குடும்பத்துக்கு. அந்த ஞாயிறு காலை ஓடி வந்த அயலவர்களுக்கும் அம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், கிரியைகளைச் செய்வித்த குருக்களுக்கும், சமைத்தும் தூக்கியும் துடைத்தும் துணை நின்ற எல்லா உறவுகளுக்கும்.

இன்று மதியப் பந்தியில் ஹெமியும் அவரோடு பதினொரு பேரும் இருக்கிறார்கள். மரக்கறிச் சாப்பாடு என்று முதலே சொல்லியாயிற்று, அவர்களுக்கு அது தெரிந்ததுதான். இவர்கள் யார் என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், அண்ணாவோடு வேலை செய்தவர்கள் என்று சொல்லுங்கள். எங்கே என்று கேட்டால், பப்பில் என்று சொல்லுங்கள். குரலைத் தாழ்த்த வேண்டாம்.