முதல் ஆயிரம் கிலோமீட்டர்

புதிதாகக் கட்டிய இஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டக்கூடாது. மெதுவாக ஓட்ட வேண்டும், மேட்டில் திணற விடக்கூடாது. உள்ளே இருக்கும் புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகி வழவழப்பாக வேண்டும். இதைத்தான் ரன்-இன் என்பார்கள். எங்கள் ஊர் வொர்க்‌ஷாப்காரர்கள் எதில் வேண்டுமானாலும் அவசரப்படுவார்கள், இதில் மாட்டார்கள். என் வீட்டுக்காரர் அவர்கள் எல்லோரையும் விட மோசம். அந்த ஆயிரம் கிலோமீட்டர் மேல் எனக்கு இன்னும் ஆறாத கோபம் இருக்கிறது.

வண்டி அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. இரண்டே சீட், துணிக்கூரை, பச்சை நிறம். வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவின் ஷெட்டில் கிடந்ததை வாங்கினோம். பார்க்கப் போன அன்று இடப்பக்க சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எழுந்திருக்க மறுத்தது. "அது உன்ற சீட்டு அம்மணி. நீயே பேசி எறக்கு," என்றார் அவர். நான் பேசித்தான் இறக்கினேன், கையில் இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு.

அவர் எங்கள் ஊரின் கணபதிப் பகுதியில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வாங்கிய வண்டி என்பதால் சொந்தக்காரர்களுக்கு நாங்கள் ஒரு வருஷத்துக்குப் பேச்சுப்பொருளானோம். "நாலு பேரு ஒக்கார முடியாத காரு என்னத்துக்குங்க?" என்று கல்யாண வீடுகளில் கேட்டார்கள். "நாலு பேரு வேண்டாம்னுதானுங்க," என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். அந்த வீட்டிலிருந்து அதன்பிறகு பத்திரிகை வரவில்லை.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் செட்டிபாளையத்து ரேஸ் டிராக்கில் எங்களைப் போன்றவர்களையும் ஓட்ட விடுவார்கள். மற்ற நாட்களில் அவர் படு நிதானம். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் தாங்க மாட்டார். ஹெல்மெட்டை மாட்டியதும் அந்த மனுஷன் எங்கே போவாரோ தெரியாது. மயில்கள் குறுக்கே ஓடினால் மட்டும் மிதிப்பதை விடுவார். எனக்கும் இரண்டு மூன்று ரவுண்டு கொடுப்பார். நான் ஓட்டி முடித்து இறங்கியதும், "பால் சொசைட்டிக்குக் கேன் கொண்டு போற மாதிரியே ஓட்டறியே அம்மணி," என்பார். எனக்குச் சுறுசுறுவென்று வரும். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் மிதிப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பாதி ரவுண்டில் வேகத்தைக் குறைத்து, இஞ்சினை அணைத்து, புல்லில் ஒதுக்கி நிறுத்தினார். இஞ்சினுக்குள் டக் டக்கென்று ஒரு தட்டு. பேரிங் போய்விட்டது. இஞ்சினை இறக்கிப் பட்டறையின் பின்பக்க மேஜையில் பிரித்துப் போட்டோம். அவருக்கு அதில் வருத்தத்தை விடக் குஷிதான் அதிகம். பிரித்துக் கட்ட ஒரு சாக்குக் கிடைத்துவிட்டதே.

வால்வு உட்காரும் இடத்தில் பசையைத் தடவி, குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டித் தேய்த்துப் பொருத்துகிற வேலை என்னுடையது. தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டுக் கசியக்கூடாது. எனக்கு அது பிடிக்கும். கை ஓட ஓட மனசு சும்மா இருக்கும். எதிரே அவர் கிராங்க் தண்டில் வேலை செய்துகொண்டிருப்பார். மணிக்கணக்கில் பேச மாட்டோம். எங்கள் முப்பது வருஷத்தில் சந்தோஷமான நாட்கள் எவை என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

அந்த மேஜையில்தான் அவர் கையிலிருந்து ஸ்பேனர் விழ ஆரம்பித்தது. முதலில் எண்ணெய்ப் பிசுக்கு என்றார். பிறகு வயசு என்றார். வலது கட்டை விரலுக்குக் கீழே சதை குழி விழுந்திருந்ததை நான் சாப்பாடு பரிமாறும்போது பார்த்தேன். அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயது. நரம்பு நோய், சதைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போகும், மருந்தால் திருப்ப முடியாது என்று பக்குவமாகச் சொன்னாள். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "வண்டி எத்தனை நாளைக்குங்க ஓட்டலாம்?" சில மாதம் ஓட்டலாம், காலுக்கு வரும்வரை, என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் சொன்னார்: "நானே கட்டின இஞ்சினை டிராக்கு நேர் ரோட்டுல ஒருக்கா ஆக்சிலரேட்டர அடி மட்டும் மிதிச்சுப் பாக்கோணும் அம்மணி. அவ்வளவுதான்."

எனக்கும் அன்றிலிருந்து அது ஒன்றுதான் குறி. சாமியிடமும் அதைத்தான் கேட்டேன். பிழைக்க வையென்று கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

வெளிநாட்டிலிருந்து பேரிங் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வந்ததும் அவர் சொல்லச் சொல்ல நான் முறுக்கினேன். ஒன்றை மட்டும் அவரே செய்வேன் என்றார். எந்த மூடி எந்த ராடோடு சேர்ந்தது என்று மாறாமலிருக்க, பிஸ்டனைத் தாங்கும் ராடுகளின் மூடிகளில் பஞ்ச் வைத்து அடித்துப் புள்ளி குத்துவார்கள். முதல் ராடுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு, இப்படி நாலு வரை. இடது கையால் பஞ்சைப் பிடித்து, வலது கையால் சுத்தியலைத் தூக்க முடியாமல் தூக்கிக் குத்தினார். புள்ளிகள் கோணலாக விழுந்தன. நாலாவது ராடில் ஒன்று ஓரத்துக்கே போய்விட்டது. "சின்னப் பையன் கோலம் போட்ட மாதிரி இருக்குது. தேச்சுப்போட்டு மறுபடி குத்தறேன்," என்றார். இருக்கட்டுமுங்க, யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்பை மூடி, எண்ணெய் ஊற்றினோம். முதல் முறுக்கிலேயே ஸ்டார்ட் ஆனது. அவர் அழுதார், நான் அழவில்லை.

நேரே செட்டிபாளையம் போவோம் என்றுதான் நினைத்தேன். அவர் வண்டியை அன்னூர் ரோட்டில் திருப்பினார். ரன்-இன் முடியட்டும் என்றார்.

அன்னூர் போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். அடுத்த வாரம் அவினாசி. மாட்டுவண்டியை விடக் கொஞ்சம் வேகம். மொபெட்காரர்கள் எங்களை முந்திப் போகும்போது சிரித்துக்கொண்டே போனார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிலோமீட்டர் எண்களையே பார்த்திருப்பேன். நடக்கும்போது அவருடைய இடது கால் லேசாகத் தரையில் இழுபடத் தொடங்கியிருந்தது. கிளட்சை மிதிக்கிற கால்.

ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போனோம். போக வர நல்ல தூரம் சேருமே என்று அவர் கணக்கு. அங்கே குதிரை விற்கிறவர்கள் வாங்க வந்தவர்களுக்கு எதிரிலேயே குதிரையை ஓட விட்டுக் காட்டினார்கள். புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு வெள்ளைக் குதிரை வாலைத் தூக்கி ஓடியது. எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"குதிரையக்கூட ஓட வுட்டுத்தானுங்க பாக்கறாங்க. இந்த ஞாயித்துக்கெழமை டிராக்குக்குப் போலாமுங்க. இஞ்சின் தேஞ்சா தேயட்டும்."

"இன்னும் பாதிகூட ஆகல."

"உங்க காலு அதுவரைக்கும் காத்திருக்குமாங்க?"

சந்தைக் கூட்டத்தில் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. குதிரைக்குக் கொடுக்கும் கொள்ளு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து, "கரும்புச் சாறு குடிக்கலாமா?" என்று கேட்டார். குடித்தோம். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவரிடம் பேசவில்லை. இப்போது நினைத்தால் அந்த மூன்று மணி நேரத்துக்காக வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

புரட்டாசியில், கருமத்தம்பட்டி சந்திப்பில் அவர் கால் நின்றது. பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கிறது, வண்டி கியரிலேயே துள்ளி அணைந்து நிற்கிறது, அவர் கையால் தொடையைத் தூக்கிக் கிளட்ச் மேல் வைக்கப் பார்க்கிறார். கால் வழுக்கி விழுகிறது. மறுபடி தூக்கி வைக்கிறார். தறிப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். நான் இறங்கிப் போய் அவரை மெல்ல இறக்கி, இடப்பக்கம் உட்காரவைத்து, நான் ஓட்டினேன். கோழியை விரட்டி நான் பிடித்த சீட்டில் அவர்.

நீலாம்பூர் தாண்டினோம். பிறகு அவர், "மிச்சம் கொஞ்சந்தான். நீ முடிச்சிரு அம்மணி," என்றார்.

வண்டியை ஓரம் கட்டினேன். "என்னத்துக்குங்க முடிக்கோணும்? யாருக்குங்க முடிக்கோணும்? ஒருக்கா மிதிக்கிறதுக்கு எல்லாத்தையும் போட்டுட்டு வந்து, இப்ப அதுவும் இல்லாமப் போச்சு!"

அவர் நாக்கும் அப்போது கொஞ்சம் குழற ஆரம்பித்திருந்தது. நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எனக்கு ஒரு நாளு மிதிச்சாப் போதும். அதுக்கு ரன்-இன் வேண்டியதில்ல, எனக்குத் தெரியாதா? உனக்குக் காலத்துக்கும் ஓடோணுமல்ல. கெட்டுப்போச்சுன்னா அவுத்துக் கட்ட நானு இருக்க மாட்டேன். எவனாச்சும் அரைகுறையாக் கட்டி, உன்னைய நடுரோட்டுல நிறுத்திப்போடுவான்."

இத்தனை நாள் அவர் இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து நான் எரிந்து விழுந்திருக்கிறேன்.

மிச்சத்தை நான் ஓட்டி முடித்ததும், மார்கழியில் ஒரு ஞாயிறு செட்டிபாளையம் போனோம். பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டலாமென்றால் ஹெல்மெட் பாரத்தை அவர் கழுத்து தாங்கவில்லை. சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சால்வையைப் போர்த்தி உட்காரவைத்துவிட்டுப் போனேன். நேர் ரோட்டில், அவர் மிதிக்க வேண்டிய இடத்தில், நான் அடி மட்டும் மிதித்தேன். அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. முதுகைச் சீட்டோடு அழுத்தியது. கண்ணாடிக்குள் கண்ணீர் வந்து வளைவு சரியாகத் தெரியவில்லை.

இறங்கி அவரிடம் ஓடினேன். எப்படி இருந்ததென்று கேட்பார் என்று நினைத்தேன்.

"ஆயில் பிரஷர் எவ்வளவு காட்டுச்சு?"

"பாக்கலீங்க."

"போயிப் பாத்துட்டு வா."

மறுபடி ஒரு ரவுண்டு போனேன். இந்த முறை முள்ளைப் பார்த்தேன். நல்ல அழுத்தம் காட்டி அசையாமல் நின்றது. வந்து சொன்னதும் அவர் தலையாட்டி, கண்ணை மூடிக்கொண்டார். "பால் சொசைட்டிக்கு இன்னிக்கு நேரத்துல போயிட்டே," என்றார். அவர் எனக்குப் புரியும்படி பேசிய கடைசி முழு வாக்கியம் அதுதான். பங்குனியில் போய்விட்டார்.

வண்டி இருக்கிறது. நான் ஓட்டுகிறேன், டிராக்கிலும் ரோட்டிலும். ஒவ்வொரு தடவை ஆயில் ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்க்கும்போதும் எண்ணெய் அதே கோட்டில் நிற்கிறது. புகை இல்லை, கசிவு இல்லை, ஒரு தட்டுச் சத்தம்கூட இல்லை. பார்க்கிற மெக்கானிக்குகள் எல்லாம் யார் கட்டியது என்று கேட்கிறார்கள். எனக்குப் பிறகும் ஓடும் என்கிறார்கள்.

உள்ளே, ராடு மூடிகளில், அவர் கோணலாகக் குத்திய அந்தப் புள்ளிகள் இருக்கின்றன. ஒரு தடவை அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தால் போதுமென்று சில நாள் தோன்றும். ஸ்பேனரைக்கூடக் கையில் எடுத்திருக்கிறேன். ஆனால் நன்றாக ஓடுகிற இஞ்சினைப் பிரிக்கிறவர்களை அவர் மனுஷராகவே மதிக்க மாட்டார். அதனால் பிரிக்க ஒரு சாக்காக எங்காவது ஒரு சின்னத் தட்டு கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுகிறேன். அவர் கட்டினதாச்சே, கேட்க மாட்டேனென்கிறது.