யுஸ்தினா போட்ட விண்ணப்பம்

யுஸ்தினாவுக்கு வயது முப்பத்தொன்பது. கெனிங்காவ் ஊர்ப் பக்கத்து டூசுன் பழங்குடிப் பெண். எங்கள் பல்கலைக்கழகத்தின் சூழலியல், பரிணாம ஆய்வகத்தில் பதினான்கு வருடங்களாக உதவியாளராக இருந்தாள். நான் அந்த ஆய்வகத்தின் வண்டியோட்டி. சாண வண்டு பிடிக்கக் காட்டில் குழி தோண்டிக் கிண்ணம் புதைத்து, அதற்கு மேலே மனித மலத்தைப் பொட்டலமாகக் கட்டித் தொங்கவிடுவோம். பொட்டலங்கள் போவது என் வண்டியில். அதனால் அதில் ஏறும் மாணவர்கள் வாயைத் திறப்பதே இல்லை. யுஸ்தினா மட்டும் முன்னால் உட்கார்ந்து, பம்பாங்கான் என்ற காட்டு மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு நிதானமாகச் சோறு சாப்பிடுவாள்.

விழுந்த வண்டுகளை இனம் பிரிப்பதும் அவள்தான். முன்காலில் பல் போல நீட்டியிருக்கும் முனைகளை லென்சில் ஒரு தடவை பார்த்தால் போதும், பெயரைச் சொல்லிவிடுவாள். அவள் பிரித்துக் கொடுத்த வண்டுகளை வைத்து ஏழு பேர் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஏழு ஆய்வேடுகளிலும் கடைசியில் ஒரு வரி: உதவியாளர்களுக்கு நன்றி.

அவள் வார இறுதிகளில் படித்து, ஆறு வருடத்தில் தொலைதூரக் கல்வியில் பட்டம் வாங்கினாள். அடுத்த மாதமே ஆய்வகக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். முதுநிலை ஆய்வு மாணவர் ஒருவர் தேவை, வண்டுகளை இனம் காணத் தெரிந்தால் முன்னுரிமை. அவள் விண்ணப்பித்தாள்.

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு காலை ஆய்வகத் தலைவர் பேராசிரியர் லெஸ்லி சோங் அவளைக் கூப்பிட்டு, கோலாலம்பூரிலிருந்து அஃபிக் என்று ஒரு மாணவர் வருகிறார், ஜன்னலோர மேசையைத் துடைத்து வை என்றார். தன்னை எடுக்கவில்லை என்பது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

"என் விண்ணப்பம் என்ன ஆச்சு, புரொஃபசர்?"

அவர் சிரித்தார். "நீ மாணவியா போயிட்டா வண்ட யாரு பிரிக்கிறது யுஸ்? இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா பட்டம்? உன்ன விட கெட்டிக்காரி இங்க இல்லன்னு எல்லாருக்கும்தான் தெரியுமே."

அஃபிக்குக்கு இரண்டு மாதம் வண்டு பிரிக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்.

வண்டியில் ஏறியதும், "கெட்டிக்காரின்னு சொல்லியே கதவச் சாத்துறாரு," என்றாள். அன்று அவள் சோற்றைத் திறக்கவில்லை.

மறுநாள் அவள் தன் நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்தாள். கண்ணாடிச் சாமான் கழுவுவது, பூச்சிகளை உலர்த்துவது, இடமும் தேதியும் எழுதி ஒட்டுவது. இவ்வளவுதான் அதில் இருந்தது. அன்றிலிருந்து அவ்வளவுதான் செய்தாள். இனத்தின் பெயர் எழுதாத பெட்டிகள் அலமாரியில் ஏறிக்கொண்டே போயின.

அஃபிக் நல்ல பிள்ளை. ஒரு நாள் அவனாகவே வந்து கேட்டான். "அக்கா, நான் உக்காந்திருக்கிறது உங்க இடமா?"

"ஆமா," என்றாள். வேறெந்தச் சமாதானமும் சொல்லவில்லை.

ஆண்டறிக்கை நெருங்கியபோது பேராசிரியர் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். ஒன்றில்கூடப் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டார்.

"அது ஆராய்ச்சி பண்றவங்க வேலைன்னு உங்க அறிவிப்புலதான் போட்டிருந்தீங்க, புரொஃபசர். நான் ஆராய்ச்சிக்காரி இல்லையே."

தேர்வுப் பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டினார். அவள் அங்கிருந்து நேராக முதுநிலைப் படிப்பு அலுவலகத்துக்குப் போனாள். உன் ஆய்வகத் தலைவரின் கையெழுத்து வேண்டியதில்லை, எந்த விரிவுரையாளர் உன்னை ஏற்றுக்கொண்டாலும் பதிவு செய்யலாம் என்றார் அங்கிருந்த எழுத்தர். பதினான்கு வருடத்தில் ஒருவர்கூட அவளிடம் இதைச் சொன்னதில்லை. எங்கள் ஆய்வகத்துக்கு எதிர் அறையில் எறும்பு ஆராயும் டாக்டர் மஸ்லினா அன்று மாலையே சம்மதித்தார். நிர்வாகத்துக்கு இடைஞ்சல் என்று லெஸ்லி சோங் கடிதம் எழுதிப் பார்த்தார். அது எடுபடவில்லை.

ஆனால் மாற்றல் உத்தரவு வந்தது. இப்போது பகலில் அவள் விடைத்தாள் கட்டுகிறாள், மாலையில் எறும்பு அறைக்கு வருகிறாள். எறும்பு அவளுக்குப் புதிது. முதல் மாதம் பாதிக்குப் பாதி தப்பாகச் சொன்னாள். மஸ்லினா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

"தப்பு பண்றதுக்கே இப்பதான் எனக்கு அனுமதி கெடச்சிருக்கு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. பதினான்கு வருடம், ஒரே நடைபாதை, எதிரெதிர் அறைகள்.